கொழுந்தும் குறிஞ்சியும்

சனிக்கிழமை மாலைக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. திங்கட்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை வரையில் "என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டுக் கொண்டிருந்த மனம், அன்று மாலை வந்ததும், "என்ன செய்தோம்?" என்று கேட்கத் தொடங்கி விடுகிறது. நீலகிரியில் இந்தக் கேள்விக்குச் சிலர் மிகச் சுலபமாகப் பதில் சொல்லி விடுவார்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்மணிகளின் உழைப்பு அன்றன்றைக்கே எடை போடப்பட்டு, இத்தனை கிலோ என்று புத்தகத்தில் ஏறி விடுகிறது. எம்மைப் போன்ற பள்ளிக்கூட வாத்தியார்கள்கூட, திருத்தி முடித்த நோட்டுப் புத்தகங்களின் அடுக்கைக் காட்டி ஒருவாறு தப்பித்துக் கொள்ளலாம். ஆனால் ஓர் எழுத்தாளர், அதிலும் ஒருவரிடமும் மாதச் சம்பளம் வாங்காத சுயேச்சை எழுத்தாளர், எதை நிறுத்துக் காட்டுவார்? வாரம் முழுவதும் உட்கார்ந்து பத்துப் பக்கம் எழுதி, வெள்ளிக்கிழமை இரவு அந்தப் பத்தையும் கிழித்துப் போட்டிருந்தால், அவர் வேலை செய்தவரா, சும்மா இருந்தவரா?

இது வெறும் வேடிக்கைக் கேள்வி அன்று. எம்மிடம் படித்த இளைஞர் ஒருவர், எஞ்சினீயரிங் பட்டம் பெற்று, வெளியூர்க் கம்பெனி ஒன்றில் நல்ல சம்பளத்தில் அமர்ந்தவர், அந்த உத்தியோகத்தை விட்டு விட்டு ஊரோடு வந்திருந்து கதையும் கட்டுரையும் எழுதியே ஜீவனம் செய்யப் போவதாகச் சொல்லுகிறார். வீட்டில் சொற்பத் தேயிலை நிலம் இருக்கிறது. பச்சைத் தேயிலையின் விலை ஒரு வருஷம் போல் மறு வருஷம் இருப்பதில்லை. தங்கைக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. "நீங்க சொன்னா கேப்பான் சார்" என்று அவருடைய தாயார் எம்மிடம் வந்து நின்றார். வாத்தியார் சொல்லைக் கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதில் சந்தோஷந்தான். ஆயினும் என்ன சொல்வது? எழுதாதே என்று சொல்வதற்கு எமக்கு மனமில்லை. உத்தியோகத்தை விட்டு விடு என்று சொல்வதற்கோ தைரியமில்லை. ஆகவே, இந்த வாரம் எம்முடைய யோசனை முழுவதும் இந்த விஷயத்திலேயே சென்றது.

எழுத்து வேலையைப் பற்றி உலகத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. தினந்தோறும் குறிப்பிட்ட நேரத்தில் உட்கார்ந்து எழுத வேண்டும், வந்தாலும் வராவிட்டாலும் பேனாவைக் கீழே வைக்கக் கூடாது என்பது ஒரு கட்சி. கற்பனை என்பது தானாகக் கனிய வேண்டியது, அது வருகிறபோதுதான் வரும், அது வரையில் காத்திருப்பதே எழுத்தாளனுடைய வேலை என்பது மற்றொரு கட்சி. இந்த இரண்டு கட்சிக்கும் எங்கள் மலையிலேயே இரண்டு செடிகள் சாட்சி சொல்லக் காத்திருக்கின்றன. ஒன்று தேயிலை, மற்றொன்று குறிஞ்சி.

தேயிலைச் செடியை அதன் இஷ்டத்துக்கு விட்டு விட்டால் அது மரமாக வளர்ந்து விடும். இடுப்பளவு உயரத்தில் மேஜை போட்டாற்போல் அதை நிறுத்தி வைத்திருப்பது மனிதர் கைதான். ஏழு நாள், பத்து நாளைக்கு ஒரு முறை, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ள வேண்டும். கிள்ளக் கிள்ளத்தான் புதுக் கொழுந்து வரும். நாள் தப்பினால் இலை முற்றிப் போகும். தொழிற்சாலையில் அதற்கு மதிப்பில்லை. வாரப் பத்திரிகைக்கு எழுதுகிறவர்களுடைய கதியும் ஏறக்குறைய இதுதான். 'கல்கி' ரா. கிருஷ்ணமூர்த்தியை எடுத்துக் கொள்வோம். 1950-ஆம் ஆண்டு தொடங்கி 1954 வரையில், மூன்றரை வருஷத்துக்கு மேலாக, 'பொன்னியின் செல்வ'னை வாரந்தோறும் எழுதினார். பத்திரிகை நடத்தும் பொறுப்பும், தலையங்கமும், சங்கீத விமரிசனமும், பொதுக் காரியங்களும் கூடவே இருந்தன. கொழுந்து பறிக்கும் கையின் வேகத்தில் எழுதியதால் அந்த நவீனம் மட்டமாகப் போய் விட்டதா? எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் எம் வகுப்புப் பிள்ளைகள் அதை மேஜைக்கு அடியில் ஒளித்து வைத்துப் படிக்கிறார்கள். பாடத்தைக் கவனிக்காத குற்றத்துக்காக எத்தனையோ புத்தகங்களைப் பறிமுதல் செய்திருக்கிறோம். இந்த ஒன்றைப் பறிமுதல் செய்யும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கும்.

நிற்க. குறிஞ்சியின் கதை வேறு. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் மலைச் சரிவு முழுவதையும் நீலமாக்குகிறது. 2006-ஆம் ஆண்டு பூத்தது. பிறகு 2018-இல் பூத்தது. இனி 2030-இல் பூக்கும் என்று எதிர்பார்க்கிறோம். ஒரு செடி ஒரே ஒரு முறைதான் பூக்கும். பூத்து, விதை சிந்தி, மடிந்து போகும். இடையிலுள்ள வருஷங்களில் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு அது வெறும் புதர். ஆனால் புதர் சும்மா இருக்கவில்லை. வேர் விட்டுக் கொண்டிருக்கிறது. தண்டைத் தடிக்க வைத்துக் கொண்டிருக்கிறது. காத்திருக்கிறேன் என்று சொல்லுகிற கட்சிக்காரர்கள் குறிஞ்சியின் பூவை மட்டும் பார்த்து, வேரை மறந்து விடுகிறார்கள் என்பது எம்முடைய அபிப்பிராயம்.

இந்த மலர் நமது மொழியில் ஓர் அரிய நவீனத்துக்குப் பெயரையே கொடுத்திருக்கிறது. 1963-இல் வெளியான 'குறிஞ்சித்தேன்' என்னும் நூலையும், அதை எழுதிய ஸ்ரீமதி ராஜம் கிருஷ்ணனையும் நேயர்களில் பலர் அறிந்திருப்பார்கள். 1925-ஆம் ஆண்டு திருச்சி ஜில்லா முசிறியில் பிறந்த அவருக்குப் பதினைந்தாவது வயதில் விவாகம் நடந்து விட்டது. பள்ளிப் படிப்பு அதிகமில்லை. பிறகு படித்ததெல்லாம் தாமாகவே படித்ததுதான். கணவர் மின்சார எஞ்சினீயர். அவருடைய உத்தியோகத்தை முன்னிட்டு நீலகிரிக்கு வந்தபோது, மலையில் பெரிய மாறுதல்கள் நடந்து கொண்டிருந்தன. கானடா தேசத்தின் உதவியுடன் குந்தா நீர்மின் திட்டம் நடைபெற்ற காலம் அது. அணைகள் எழுந்தன; பள்ளத்தாக்குகள் ஏரிகளாயின. சாமையும் கிழங்கும் விளைந்த நிலங்களில் தேயிலை ஏறிக் கொண்டிருந்தது.

எத்தனையோ உத்தியோகஸ்தர்களின் குடும்பங்கள் இந்த மலைக்கு வந்து, குளிரைப் பற்றிப் புகார் சொல்லி விட்டு, மாற்றல் உத்தரவு வந்ததும் மூட்டை கட்டிக் கொண்டு இறங்கியிருக்கின்றன. ராஜம் கிருஷ்ணன் ஹட்டிகளுக்குப் போனார். படகர்களின் வழக்கங்களையும், பண்டிகைகளையும், எருமை வளர்ப்பையும், நிலத்தின் மேல் அவர்களுக்குள்ள பாசத்தையும் கேட்டுக் கேட்டு அறிந்தார். தலைமுறைக்குத் தலைமுறை ஒரு மலைக் கிராமம் எப்படி மாறுகிறது, பணப் பயிர் வந்ததும் மனிதர் மனம் எப்படித் திரிகிறது என்பதையெல்லாம் கதையாக்கினார். உட்கார்ந்து எழுதிய நாட்களை விட, நடந்தும் கேட்டும் கழித்த நாட்களே அதிகம் பலன் தந்திருக்கும் என்று அந்த நூலைப் படிக்கிறவர்களுக்குத் தோன்றும். அந்த நாட்களில் ஒன்றைப் பிடித்து, "இன்று என்ன எழுதினாய்?" என்று யாராவது கேட்டிருந்தால் அவர் என்ன பதில் சொல்லியிருக்க முடியும்?

பிற்பாடு அவர் இதையே தமது வழக்கமாக்கிக் கொண்டார். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றி 'கரிப்பு மணிகள்', கடற்கரை மக்களைப் பற்றி 'அலைவாய்க் கரையில்', சிவகாசித் தொழிலில் ஈடுபட்ட குழந்தைகளைப் பற்றி 'கூட்டுக் குஞ்சுகள்', வயலில் உழைப்பவரைப் பற்றி 'சேற்றில் மனிதர்கள்' என்று போன இடத்துக்கெல்லாம் போய், கண்டு, கேட்டு எழுதினார். 1973-இல் 'வேருக்கு நீர்' நவீனத்துக்குச் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது. ஆகவே, குறிஞ்சிக்குப் பின்னால் ஒரு கொழுந்து பறிப்பு ஓயாமல் நடந்து கொண்டிருந்தது என்பது தெளிவு. எம் இளைஞருக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான். காத்திருப்பதும் வேலைதான், ஆனால் காத்திருக்கும்போது காலும் காதும் சும்மா இருக்கக் கூடாது.

இத்துடன் முடித்து விட்டால் தாயாருடைய கேள்விக்குப் பதில் சொன்னதாகாது. அவர் கேட்டது இலக்கியத்தைப் பற்றியல்ல, அரிசியைப் பற்றி. சுயேச்சையாக எழுதுகிறவர்களுக்கு அந்தச் சுயேச்சையின் விலையை எப்போதும் யாரோ ஒருவர் கொடுத்துக் கொண்டிருக்கிறார் என்பதை நாம் ஒப்புக் கொள்ளத்தான் வேண்டும். 1941-இல் கல்கியும் ஸ்ரீ சதாசிவமும் சொந்தப் பத்திரிகை தொடங்கியபோது, அதற்கு வேண்டிய பணத்துக்காக ஸ்ரீமதி எம். எஸ். சுப்புலக்ஷ்மி 'சாவித்திரி' படத்தில் நாரதராக வேஷம் தரித்தார். ராஜம் கிருஷ்ணன் ஊர் ஊராகச் சென்று எழுதிய காலத்தில், வீட்டில் கணவருடைய சம்பளம் இருந்தது, ஆதரவும் இருந்தது. அப்படி ஒருவரும் இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்குப் புதுமைப்பித்தனே உதாரணம். பத்திரிகை உத்தியோகத்தை விட்டு, சினிமாவுக்கு எழுதிப் பிழைக்கலாம் என்று போனவர், க்ஷயரோகத்துக்கு இரையாகி 1948-இல், நாற்பத்திரண்டாவது வயதில் காலமானார். தமிழ்ச் சிறுகதைக்கு அவர் செய்த தொண்டுக்கு ஈடாக அவர் கைக்கு வந்தது என்ன என்று கணக்குப் பார்த்தால் நமக்குத்தான் வெட்கமாக இருக்கும்.

ராஜம் கிருஷ்ணனுடைய கடைசிக் காலமும் மனத்தை வருத்துகிறது. கணவர் மறைந்த பிறகு, பொருளும் கை விட்டுப் போக, அவர் முதியோர் இல்லத்தில் வாழ நேர்ந்தது. 2009-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசாங்கம் அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கிப் பணம் அளித்தது. 2014-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அவர் காலமானார். உப்பளத்துக் கூலிக்கும் வயற்காட்டுக் கூலிக்கும் நியாயம் கேட்டுப் பக்கம் பக்கமாக எழுதியவருக்கு, எழுத்துக் கூலி முதுமைக்குப் போதுமானதாக இருக்கவில்லை.

ஆகவே, தாயாரிடமும் பிள்ளையிடமும் நாம் சொன்னது இதுதான். உத்தியோகத்தை உடனே விட வேண்டாம். தேயிலைச் செடிக்கு நாலைந்து வருஷத்துக்கு ஒரு முறை கவாத்து செய்கிறார்கள். கிளைகளை வெட்டிக் குச்சி குச்சியாக நிறுத்தி விடுகிறார்கள். சில மாதங்களுக்கு அந்தச் செடியிலிருந்து ஒரு கொழுந்தும் கிடைக்காது. தோட்டக்காரர் அதற்காகக் கவலைப்படுவதில்லை. ஏனென்றால், எல்லாத் துண்டு நிலத்தையும் ஒரே வருஷத்தில் அவர் வெட்டுவதில்லை. ஒன்று ஓய்ந்திருக்கும்போது மற்றவை அடுப்பெரிய உதவுகின்றன. அந்தக் கணக்கைப் பிள்ளையும் போட்டுப் பார்க்கட்டும். ஒரு வருஷத்துச் செலவுக்கு வேண்டியதைச் சேர்த்து வைத்துக் கொண்டு, பிறகு ஒரு வருஷம் எழுதிப் பார்க்கட்டும். அது வரையில் வாரத்துக்கு இரண்டு மாலை அவனுடையதாக இருக்கட்டும். அந்த மாலைகளில் கடைக்குப் போய் வா, கரண்டு பில் கட்டி விட்டு வா என்று அவனை எழுப்பாமலிருப்பது தாயாருடைய பங்கு. அம்மாள் சற்று யோசித்து விட்டு, "ரெண்டு மாலை கொடுக்கலாம் சார்" என்றார். பிள்ளை மூன்று கேட்டான். பேரம் எப்படி முடிந்ததென்று இன்னும் தெரியவில்லை.

நேயர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சந்தையில் கிலோத் தேயிலை வாங்கும்போது, பறித்த கைக்கு என்ன கிடைத்தது என்று யோசிக்கிறவர்கள் சிலராவது இருக்கிறார்கள். புத்தகத்தை மட்டும் இரவல் வாங்கிப் படிப்பதோ, யாரோ திருட்டுத்தனமாகப் பிரதி எடுத்து அனுப்பியதைக் கைத்தொலைபேசியில் படிப்பதோ நமக்கு உறுத்துவதே இல்லை. வருஷத்தில் நாலு தமிழ்ப் புத்தகமாவது விலை கொடுத்து வாங்குவது என்று ஒவ்வொரு குடும்பமும் தீர்மானித்தால், அந்த இளைஞரைப் போன்றவர்கள் ஒரு வருஷத்துக்குப் பதில் இரண்டு வருஷம் தாக்குப் பிடிக்கலாம்.

இன்னொன்று. வீட்டிலே எழுதக் கூடிய பிள்ளைக்கு இரண்டு மாலை ஒதுக்கச் சொல்லி எம்மிடம் சிபாரிசுக்கு வருகிறவர்கள் உண்டு. எழுதக் கூடிய மருமகளுக்காகவோ, மகளுக்காகவோ இதுவரையில் ஒருவரும் வந்ததில்லை. பதினைந்து வயதில் குடித்தனம் நடத்த வந்த ஒரு பெண்மணிக்கு, சமையலறைக்கு வெளியே நடந்து போய் ஹட்டிகளைப் பார்த்து வர நேரம் கிடைத்ததனால்தான் இந்த மலையின் கதை தமிழில் எழுதப்பட்டது. அடுத்த சனிக்கிழமை மாலை, "என்ன செய்தோம்?" என்று நேயர்கள் தங்களைக் கேட்டுக் கொள்ளும்போது, வீட்டில் யாருக்கு ஒரு மணி நேரம் கொடுத்தோம் என்பதையும் சேர்த்துக் கேட்டுக் கொள்ளலாம்.