பிரேக் தேய்மானமும் தேய்ந்துபோகும் உத்தரவாதமும்

2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளின் பின்னர், 2025 பெப்ரவரி 1 ஆம் திகதி முதல் தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. வரிச்சுமையினால் விலைகள் எட்டாத உயரத்திற்குச் சென்றுவிட்ட நிலையிலும், வாழ்நாள் சேமிப்பையும் லீசிங் கடனையும் ஒன்றுசேர்த்துப் புதிய கார் ஒன்றை வாங்கும் நடுத்தரக் குடும்பங்கள் கொழும்பில் உள்ளன. அவ்வாறு வாங்குபவருக்கு வாகனத்தோடு கையளிக்கப்படும் உத்தரவாதப் புத்தகமே பெரும் ஆறுதலாக அமைகின்றது. ஆனால் அந்தப் புத்தகம் உண்மையில் எவருக்குப் பாதுகாப்பளிக்கின்றது என்ற கேள்வி, முதலாவது கோளாறு ஏற்படும்போதே எழுகின்றது.

வெள்ளவத்தையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அண்மையில் எம்மிடம் தெரிவித்த அனுபவம் இதற்குச் சான்றாகும். அவர் வாங்கிய புதிய கார் பதினொரு மாதங்களில் 14,000 கிலோமீற்றர் மாத்திரமே ஓடியிருந்தது. பின்சக்கரத்திலிருந்து உலோகம் உரசும் ஓசை கேட்கவே விற்பனை முகவரிடம் சென்றார். பிரேக் பேட் தேய்மானத்திற்கு உட்பட்ட பாகம் என்பதால் உத்தரவாதம் செல்லாது என்ற பதிலே வாய்மொழியாகக் கிடைத்தது. பின்னர் கொட்டாஞ்சேனையில் உள்ள கராஜ் ஒன்றில் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தபோது, இடப்புறச் சக்கரத்தின் உட்பக்க பேட் முற்றாகத் தேய்ந்து, டிஸ்க்கையும் கீறியிருந்தது. வலப்புறச் சக்கரத்தின் பேட்களோ பாதிக்கு மேல் எஞ்சியிருந்தன. ஒரே மனிதர், ஒரே பாதத்தினால், ஒரே பெடலை மிதித்திருக்க, ஒரு சக்கரம் மட்டும் தேய்ந்தது எவ்வாறு?

முகவரின் கூற்றில் நியாயமே இல்லை என்று நாம் கூற முன்வரவில்லை. பிரேக் பேட், கிளச் தட்டு, டயர், வைப்பர் போன்றவை பாவனையினால் தேய்பவை என்பதால், உலகெங்கும் வாகன உற்பத்தியாளர்கள் அவற்றை உத்தரவாதத்திலிருந்து விலக்கியே வைத்துள்ளனர். காலி வீதியின் நெரிசலில் நாளாந்தம் நின்று நின்று செல்லும் வாகனத்தின் பேட், நெடுஞ்சாலையில் ஓடும் வாகனத்தினதைவிட விரைவாகத் தேய்வதும் இயல்பே. எனினும் தேய்மானம் என்பது வேறு, தேய்மானத்தை ஏற்படுத்திய குறைபாடு என்பது வேறு. விலக்கப்பட்டிருப்பது பேட் மட்டுமே. அதனை அழுத்தும் கலிப்பரும், கலிப்பர் நகர்வதற்கான ஊசிகளும், பிரேக் எண்ணெய்க் குழாயும், கைபிரேக் அமைப்பும் பொதுவாக உத்தரவாதத்திற்கு உட்பட்டவையே.

இவற்றில் ஒன்று இறுகிக்கொண்டால், ஓட்டுநர் பெடலை விட்ட பின்னரும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டேயிருக்கும். உட்பக்கமும் வெளிப்பக்கமும் சமமின்றித் தேய்ந்திருப்பதும், ஒரு சக்கரம் மாத்திரம் அளவுமீறிச் சூடாவதும் அதன் அடையாளங்களாகும். நான்கு சக்கரங்களிலும் சீராகத் தேய்ந்திருந்தால் ஓட்டுநரையோ வீதியையோ காரணம் கூறலாம். ஒரு சக்கரம் மட்டும் தேய்ந்திருந்தால், அதன் பிரேக் பொறிமுறையையே முதலில் சோதிக்க வேண்டும். மோட்டாரின் துணையுடன் வேகத்தைக் குறைக்கும் ஹைபிரிட், மின்சார வாகனங்களில் பேட்கள் வழமையைவிட அதிக காலம் உழைக்க வேண்டியவை. ஆகவே அவற்றில் முன்கூட்டிய தேய்மானம் ஏற்படுவது மேலும் சந்தேகத்திற்குரியதாகும்.

இது நம் நாட்டிற்கு மாத்திரம் உரிய பிரச்சினையன்று. ஹொண்டா நிறுவனத்தின் 2008 ஆம் ஆண்டு முதலான அக்கோர்ட் ரகக் கார்களின் பின்புற பிரேக் பேட்கள் விரைவாகத் தேய்வதாகக் கூறி, 2009 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பாவனையாளர்கள் கூட்டாக வழக்குத் தொடுத்தனர். வாகனத்தை நிறுத்தும் சுமையின் பெரும்பகுதியை முன்சக்கரங்களே தாங்குவதால், பின்புற பேட்களே அதிக காலம் நீடிக்க வேண்டும் என்பது அவர்களது வாதத்திற்கு வலுச்சேர்த்தது. நிறுவனம் தன் மீதான குற்றச்சாட்டை ஏற்காதபோதிலும், 2010 இல் ஏற்பட்ட இணக்கத்தின்படி, பேட்களை மாற்றியவர்களுக்குச் செலவின் ஒரு பகுதி திருப்பிச் செலுத்தப்பட்டது. தேய்மானப் பாகம் என்ற ஒற்றைச் சொல்லினால் விசாரணைக் கதவை மூடிவிட முடியாது என்பதை அவ்வழக்கு உணர்த்தியது.

இலங்கையில் இத்தகைய முறைப்பாட்டிற்குச் சட்டத்தில் இடமுண்டு. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13 ஆவது பிரிவின்படி, வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ அளிக்கப்பட்ட உத்தரவாதத்திற்கு ஒவ்வாத பொருள் விற்கப்பட்டிருந்தால் அதிகார சபை விசாரணை நடத்தலாம். நட்டஈடு வழங்குமாறோ, பொருளை மாற்றிக் கொடுக்குமாறோ, பணத்தைத் திருப்பிச் செலுத்துமாறோ கட்டளையிடவும் முடியும். கட்டளைக்குப் பணியாதவரிடமிருந்து அத்தொகையை நீதவான் நீதிமன்றத்தின் ஊடாக அபராதம் போன்று அறவிடலாம்.

ஆனால் அதே பிரிவில்தான் பெரும் ஓட்டையும் உள்ளது. பொருள் விற்கப்பட்டு மூன்று மாதங்களுக்குள் முறைப்பாடு எழுத்தில் செய்யப்பட வேண்டும் என அது கூறுகின்றது. அரிசிக்கும் மின்விசிறிக்கும் பொருந்தக்கூடிய இக்கால எல்லை, பல ஆண்டு உத்தரவாதத்துடன் விற்கப்படும் காருக்கு எவ்வாறு பொருந்தும்? பதினோராவது மாதத்தில் வெளிப்படும் குறைபாட்டை மூன்றாவது மாதத்திலேயே முறையிட எவராலும் இயலாது. அதிகார சபை பரிவுடன் நோக்கினாலும், சட்டத்தின் வாசகம் எதிர்த்தரப்பின் கையில் ஆயுதமாகவே இருக்கும். மாவட்ட நீதிமன்றத்தின் கதவு திறந்திருப்பது உண்மையே. ஆயினும் பிரேக் பேட்டிற்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடுவது எத்தனை பேருக்குச் சாத்தியம்?

அயல்நாடான இந்தியாவில் வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணைக்குழுவை நாடலாம். பிரித்தானியாவின 2015 ஆம் ஆண்டுச் சட்டமோ, பொருள் கையளிக்கப்பட்டு ஆறு மாதங்களுக்குள் தென்படும் குறைபாடு ஆரம்பத்திலேயே இருந்ததாகவே பொதுவில் கருதுகின்றது. அவ்வாறில்லை என நிரூபிப்பது விற்றவரின் பொறுப்பாகும். இங்கோ வாகனத்தை விற்பவரே அதனைப் பரிசோதிக்கின்றார், காரணத்தையும் அவரே தீர்மானிக்கின்றார், இறுதியில் பற்றுச்சீட்டையும் அவரே நீட்டுகின்றார். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்த கதைதான் இது.

மொழிப் பிரச்சினையும் இதனுடன் சேர்ந்துகொள்கின்றது. பலரது கையில் கிடைக்கும் உத்தரவாதப் புத்தகம் ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளது. புரியாத நிபந்தனைகளின் கீழ் ஒப்பமிடுபவர், மறுப்பையும் புரியாமலேயே ஏற்றுக்கொள்கின்றார். அரச நிறுவனங்களுடன் தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் நான்காவது அத்தியாயம் உறுதிப்படுத்தியுள்ளது. ஆகவே அதிகார சபைக்கான முறைப்பாட்டைத் தமிழில் எழுதுவதற்கு எவரும் தயங்க வேண்டியதில்லை.

பாவனையாளர் செய்ய வேண்டியவையும் சில உண்டு. மறுப்பு வாய்மொழியாகக் கிடைத்தால் அதற்கான காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். நான்கு சக்கரங்களின் பேட் தடிப்பையும் அளந்து, சேவைப் பத்திரத்தில் குறித்துத் தருமாறு கோர வேண்டும். வெளிக் கராஜில் கழற்றுவதாயின் அதற்கு முன்னரே முகவருக்கு எழுத்தில் அறிவித்து, கிலோமீற்றர் அளவுடன் புகைப்படம் எடுத்து, கழற்றிய பேட்களைப் பத்திரப்படுத்த வேண்டும். எமது ஆசிரியர் நண்பர் இவற்றில் எதனையும் செய்யவில்லை. பழைய பேட்கள் அன்றே குப்பைக்குப் போயின, அவரது வழக்கும் அவற்றோடு போயிற்று. அதேவேளை, வழக்கு முடியட்டும் என்று தேய்ந்த பிரேக்குடன் வாகனத்தை ஓட்டுவது உயிருடன் விளையாடுவதாகும். ஆதாரத்தைத் திரட்டிய பின் தாமதமின்றி பேட்களை மாற்றிவிட்டு, பணத்திற்காக வாதாடுவதே விவேகம்.

ஆனால் தனிமனித விழிப்புணர்வு மட்டும் போதாது. முறைப்பாட்டுக் காலம் குறைபாடு வெளிப்பட்ட நாளிலிருந்து கணிக்கப்படும் வகையில் 13 ஆவது பிரிவு திருத்தப்பட வேண்டும். வாகனப் பிணக்குகளில் விற்பவருடன் தொடர்பற்ற பொறியியலாளர் ஒருவரின் அறிக்கை கட்டாயமாக்கப்பட வேண்டும். உத்தரவாத நிபந்தனைகள் மும்மொழிகளிலும் வழங்கப்பட வேண்டும். இவை நேர்மையான வர்த்தகர்களுக்குப் பாதகமானவையல்ல. பாரபட்சமற்ற பரிசோதனை, பொய்யான முறைப்பாடுகளிலிருந்து அவர்களையும் காக்கும்.

பிரேக் என்பது அலங்காரப் பொருளன்று. அது பழுதடைந்தால் ஆபத்து காரின் உரிமையாளருக்கு மட்டுமல்ல, பாதசாரிக் கடவையில் நடந்துசெல்லும் பாடசாலைப் பிள்ளைக்கும் உண்டு. அதனால் உத்தரவாதம் மறுக்கப்படும் ஒவ்வொரு தடவையும் காரணம் கண்டறியப்பட வேண்டும் என்று கேட்பது சலுகையல்ல, பொதுமக்களின் பாதுகாப்பிற்கான நியாயமான கோரிக்கையாகும்.