ஒரு வருசக் குத்தகையில் மண் வளருமா?

காட்டை யாரும் உழுவதில்லை, உரம் வைப்பதில்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோம். சரிதான். ஆனா, "அடுத்த வருசம் இடத்தைக் காலி பண்ணு"ன்னு காட்டிடம் யாரும் சொல்வதில்லையே, அதை ஏன் பேசுவதில்லை?

காட்டில் விழுந்த சருகைக் கரையானும் மரவட்டையும் மண்புழுவும் துண்டாக்கும்; பூஞ்சாணம் மக்க வைக்கும். சில பூஞ்சாண இழைகள் வேரோடு சேர்ந்து, வேர் எட்டாத இடத்து மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுத்து, கூலியாகச் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும். இந்த ஏற்பாடு ஒரு போகத்தில் அமைவதில்லை.

ஆரோவில்லைப் பாருங்கள். 1968இல் அது மழையில் அரித்துப்போன செம்மண் மேடு. வரப்பு போட்டு மழைநீரை நிறுத்தினார்கள். வேகமாக வளரும் மரங்களை வைத்து நிழலும் சருகும் உண்டாக்கினார்கள். அந்த நிழலில்தான் கருங்காலி போன்ற நம் மரங்கள் வளர்ந்தன. அது காடாகப் பல பத்து வருசம் ஆச்சு.

நான் குத்தகை விவசாயி. வாய்ப்பேச்சுதான், வருசா வருசம் புதுப்பிக்கணும். மூடாக்கு போட்டு மண் பொலபொலன்னு வரும்போது நிலம் கைமாறினா, அந்த உழைப்புக்கு யார் பதில் சொல்வது? அடுத்த வருசம் நிச்சயமில்லாதவன் யூரியா மூட்டையைத்தான் தேடுவான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை.

நம் இயக்கத்திலேயே நிலம் குத்தகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறீர்கள். குறைஞ்சது ஐந்து வருசத்துக்கு எழுதிக் கொடுங்கள். மண்ணை நாங்க பார்த்துக்கிறோம்.