ஊக்கம் செல்லும் திசை

நுழையும்முன்

பொழுதுபோக்கு என்பது பிறர் தேர்ந்து கொடுப்பதா, தானே முளைப்பதா? அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மணற்கரைகளில் நடந்து ஆமைகளைக் கணக்கெடுத்த ஒருவரின் வாழ்வைக்கொண்டு இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

அடுக்கப்படும் வகுப்புகள்

பள்ளிப் படிவங்களில் ‘பொழுதுபோக்கு’ என்றொரு கட்டம் உண்டு. மாணவர் பலர் அக்கட்டத்தின் முன் சற்றே திகைப்பர். பின்னர் ‘நூல் வாசித்தல்’ என்றோ ‘அஞ்சல்தலை சேகரித்தல்’ என்றோ எழுதி நிரப்புவர். எழுதியது உண்மையா என்று எவரும் கேட்பதில்லை. விடுமுறை வந்தால் காலையில் ஓவியம், நண்பகலில் கீபோர்டு, மாலையில் சதுரங்கம் எனப் பெற்றோர் வகுப்புகளை அடுக்குகின்றனர். செயல்திட்டமோ, கடையில் வாங்கிய படங்களை முதல்நாள் இரவில் அட்டையில் ஒட்டுவதோடு முடிந்துவிடுகிறது. மதிப்பெண் கிடைக்கிறது, மனத்தில் ஒன்றும் தங்குவதில்லை. வலிந்து ஏற்றப்படும் பொழுதுபோக்கால் விளையும் பயன் சிறிது. தன்னியல்பாக எழும் ஊக்கத்தை இனங்கண்டு, அதன் வழியே உழைப்பதுதான் ஒருவரை உண்மையில் வளர்க்கும்.

கடல் ஈர்த்த மாணவர்

இதற்குச் சான்றாக விளங்குபவர் சதீஷ் பாஸ்கர். கேரளத்தில் 1946ஆம் ஆண்டு பிறந்த இவர், பொறியியல் பயிலச் சென்னை ஐ.ஐ.டி.யில் சேர்ந்தார். ஆனால், வகுப்பறையைவிடக் கடலே அவரை மிகுதியாக ஈர்த்தது. நீந்துவதில் அவருக்குத் தணியாத விருப்பம் இருந்தது. அந்நாளில் கிண்டிப் பாம்புப் பண்ணையை நடத்திவந்த ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடைய நண்பர்களும் கடலாமைகள்மீது கருத்துச் செலுத்தத் தொடங்கியிருந்தனர். சென்னைக் கடற்கரையில் இரவெல்லாம் நடந்து, பங்குனி ஆமைகளின் முட்டைகளைத் தேடிக் காக்கும் பணி 1970களில் தோன்றியது. அவர்களோடு இணைந்த பாஸ்கர், தம் ஊக்கம் செல்லும் திசையைக் கண்டுகொண்டார்.

அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் ஆமைகளைத் தேடி நடந்தார். இந்தியக் கடற்கரையில் அவர் நடந்த தொலைவு 4,000 கிலோமீட்டருக்கும் மேல் என்பர். அந்தமான் நிக்கோபார் தீவுகளின் கரைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். படகு நெருங்க இயலாத தீவுகளுக்கு நீந்தியே சென்றதும் உண்டு. உலகக் கடலாமைகளுள் மிகப்பெரியதான ஏழுவரி ஆமை, கிரேட் நிக்கோபாரின் கலத்தியா கரையில் பெருமளவில் முட்டையிடுகிறது என்பதை அவருடைய ஆய்வுகள் வெளிக்கொணர்ந்தன. சவுத் ரீஃப் என்னும் சிறு தீவில் பல பருவங்கள் தங்கி, அழுங்காமைகளை உற்றுநோக்கினார்.

இலட்சத்தீவுகளில் அவர் மேற்கொண்ட பணி இன்னும் வியப்பூட்டுவது. அங்குப் பச்சை ஆமைகள் மழைக்காலத்தில் கரையேறுகின்றன. அக்காலத்தில் கடல் கொந்தளிப்பதால் படகுகள் செல்லா. ஆகவே 1982ஆம் ஆண்டு மழைக்காலம் முழுவதும், மனிதர் வாழாத சுஹேலித் தீவில் பாஸ்கர் தனியாகத் தங்கினார். மனைவிக்கு எழுதிய மடலைப் புட்டியில் அடைத்துக் கடலில் விட்டார். அது இலங்கைக் கரையில் ஒருவர் கையில் கிடைத்தது. அவர் அதை அஞ்சலில் சேர்த்து உரியவரிடம் சேர்ப்பித்தார்.

ஊக்கமும் உழைப்பும்

‘ஊக்கம் வந்தால் செய்வேன் என்பது சோம்பலுக்குச் சொல்லும் சாக்கு அன்றோ?’ என்று சிலர் வினவலாம். பொருளுள்ள வினாவே இது. திருக்குறளில் ஊக்கமுடைமையை அடுத்து மடியின்மையும், அதனை அடுத்து ஆள்வினையுடைமையும் தனித்தனி அதிகாரங்களாக அமைந்துள்ளன. ஊக்கம் மட்டும் போதாது, சோம்பல் நீங்க வேண்டும், விடாமுயற்சியும் வேண்டும்.

பாஸ்கரின் நாள்கள் களிப்பால் மட்டும் நிறைந்தவை அல்ல. மணலில் பதிந்த தடங்களை எண்ணுதல், எவ்வகை ஆமையின் தடம் எனப் பிரித்தறிதல், கூடுகளை அளத்தல், அனைத்தையும் குறிப்பேட்டில் பதிதல் என அதே பணியை இரவுபகலாகத் திரும்பத் திரும்பச் செய்தார். பிறருக்குச் சலிப்பூட்டும் இவ்வேலை அவருக்குச் சலிக்கவில்லை. உண்மையான ஊக்கத்தின் அடையாளம் இதுவே. எளிய பகுதியை மட்டும் விரும்புவது ஆசை. கடினமான பகுதியையும் தாங்கச் செய்வது ஊக்கம்.

‘பலவற்றைப் பழகிப் பார்க்காமல், எதில் நாட்டம் என்று குழந்தை எவ்வாறு அறியும்?’ என்பது மற்றொரு வினா. பழகிப் பார்ப்பது தேவைதான். ஆனால், பழகிப் பார்ப்பதற்கும் கட்டாயப்படுத்துவதற்கும் வேறுபாடு உண்டு. பொருந்தாததை விட்டு விலகும் உரிமை இருக்கும்வரை அது பழகிப் பார்த்தல். அவ்வுரிமை மறுக்கப்பட்டால் அது சுமை. வரலாற்றிலோ கணக்கிலோ மதிப்பெண் குறைந்தாலும் கற்கத்தான் வேண்டும். பாடங்களுக்கு இவ்விதி பொருந்தாது. மாணவருக்கு உரிய ஓய்வுப் பொழுதையேனும் அவர் விருப்பத்திற்கு விட்டுவைப்பது நேர்மையாகும்.

தீவுச் சிறுவர் முன் உள்ளவை

அந்தமானில் வாழும் மாணவருக்கு ஊக்கம் பிறக்கும் இடங்கள் தொலைவில் இல்லை. வீட்டருகே அலையாத்திக் காடு இருக்கிறது. ஓதம் வற்றும்போது பாறைக்குழிகளில் நண்டும் மீனும் தெரிகின்றன. பவளத்தைப் பெயர்த்தெடுத்து அட்டையில் ஒட்டுவது சட்டப்படி குற்றம். நின்று நோக்கிக் குறிப்பெழுத எத்தடையும் இல்லை. ஒருவரைப் பறவையின் குரல் ஈர்க்கலாம். மற்றொருவரைத் தோணி கட்டும் தச்சரின் கைத்திறன் ஈர்க்கலாம். பாட்டி பேசும் தமிழையும் பக்கத்து வீட்டு வங்காளத்தையும் ஒப்பிடுவதில் வேறொருவருக்கு நாட்டம் எழலாம். எவரும் கேளாமலே மாணவர் எதனைப் பற்றித் தாமாக வினா எழுப்புகிறார் என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் கவனித்தால் போதும், திசை புலப்பட்டுவிடும்.

சதீஷ் பாஸ்கர் 2023ஆம் ஆண்டு மறைந்தார். அவர் விட்டுச்சென்ற பதிவுகள் பின்வந்த ஆய்வாளர்க்கு அடித்தளமாயின. லிட்டில் அந்தமானில் முட்டையிட்ட ஏழுவரி ஆமைகள் சிலவற்றின்மேல் ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் கருவிகளைப் பொருத்தினர். ஒரே தீவிலிருந்து புறப்பட்ட அவற்றுள் சில ஆஸ்திரேலியா நோக்கியும், சில ஆப்பிரிக்கா நோக்கியும் நீந்தின. ஒரே வகுப்பில் அமரும் மாணவரின் நாட்டங்களும் அவ்வாறே பல திசைகளில் செல்வன. அனைவரையும் ஒரே கரைக்குத் திருப்ப முயலாமல், அவரவர் திசையில் உழைக்க இடமளிப்பதே பெரியோர் கடமை. அடுத்த முறை ‘பொழுதுபோக்கு’க் கட்டத்தை நிரப்ப நேர்கையில், மாணவர் உண்மையை எழுதட்டும், இன்னும் கண்டறியவில்லை எனில், அதை வெறுமையாக விடுவதிலும் தவறில்லை.