டில்லி பார்க்கப் போகும் தோழர்களுக்கு

ஊர்வலத்துக்கும் மகாநாட்டுக்கும் டில்லி போகிற நம் ஆலைத் தொழிலாளிகளுக்கும் விவசாயத் தொழிலாளிகளுக்கும் சாதாரணமாக ஒரு நாள் மிச்சம் கிடைக்கும். இரண்டு இரவு ரயிலில் இடிபட்டுப் போனவர்கள் அந்த ஒரு நாளில் ஊரைச் சுற்றிப் பார்க்க ஆசைப்படுவது இயல்பு. ஆசைப்படவும் வேண்டும். "கூலிக்காரனுக்குக் கோட்டையும் கோபுரமும் எதற்கு?" என்று கேட்கும் மேதாவிகள் நம்மிடையிலேயே இருக்கிறார்கள். அந்தக் கோட்டையை எழுப்பியது யார்? மேதாவிகளா? கல் சுமந்தவனைவிட அதைப் பார்க்க அதிக உரிமை உள்ளவன் யார் என்று அவர்களே சொல்லட்டும்.

ஆனால் எப்படிப் பார்ப்பது என்பதில்தான் சங்கதி இருக்கிறது. வழிகாட்டிகள் ராஜாக்களின் பெயரை ஒப்பிப்பார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை. அதோடு நிற்க வேண்டாம்.

முதலில் குதுப்மினாருக்குப் போங்கள். அங்கே ஓர் இரும்புத் தூண் நிற்கிறது. 7 மீட்டர் உயரம், 6 டன்னுக்கு மேல் எடை. சுமார் 1,600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நின்றும் அது துருப்பிடித்து அழியவில்லை. மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. பாஸ்பரஸ் மிகுந்த இரும்பைக் காய்ச்சி, கட்டி கட்டியாக அடித்து ஒட்டவைத்த கொல்லர்களின் கைவேலை அது. பட்டறையிலும் வார்ப்படச் சாலையிலும் வேலை செய்யும் தோழர்கள் அதன் முன் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். தூணில் எழுத்து வெட்டியிருக்கிறது. சந்திரன் என்ற ராஜாவின் வெற்றிப் புகழ்தான் அதில் உள்ளது. கொல்லன் பெயரைக் காணோம்.

பக்கத்திலேயே உள்ள மினாரின் கதை வேறு. 1368இல் இடி விழுந்து அதன் உச்சி சேதமாயிற்று. ஃபிரோஸ் ஷா துக்ளக் காலத்தில் பழுது பார்த்தார்கள். அந்த வேலையைச் செய்த சிற்பிகள் விசுவகர்மாவை வணங்கி, தங்கள் பெயரையும் நாகரி எழுத்தில் கல்லில் வெட்டி வைத்துவிட்டுப் போனார்கள். சுல்தான் சொல்லியா வெட்டினார்கள்? நமக்குத் தோன்றுவது, தம் உழைப்பின் மேல் அவர்களுக்கு இருந்த ரோஷம்தான். 1981இல் படிக்கட்டில் நெரிசல் ஏற்பட்டுப் பள்ளிப் பிள்ளைகள் பலர் மாண்டதிலிருந்து மினார் மேல் யாரையும் ஏற விடுவதில்லை. அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.

இந்த ரோஷத்துக்குப் புதுடில்லியில் இடம் கிடைக்கவில்லை. 1911 டிசம்பர் 12இல் ஐந்தாம் ஜார்ஜ் தர்பார் நடத்தி, தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாறும் என்று அறிவித்தார். ரெய்சினா, மால்ச்சா போன்ற கிராமங்களின் நிலம் 1894ஆம் ஆண்டுச் சட்டப்படி பறிபோயிற்று. மால்ச்சா விவசாயிகள் சோனிபத் பக்கம் போய்க் குடியேறினார்கள். ராஜஸ்தான் பக்கமிருந்து பெண்டு பிள்ளைகளோடு வந்த ஏழைக் கூலிகள் மண் சுமந்தார்கள், கல் உடைத்தார்கள். 340 அறைகள் கொண்ட வைசிராய் மாளிகை எழுந்தது. 1931இல் நகரத்தைத் திறந்து வைத்தார்கள். அந்தப் பகுதிக்கு இன்றும் லுட்யன்ஸ் டில்லி என்றுதான் பெயர். படம் வரைந்தவர் பெயர் ஊருக்கே நிலைத்தது. சித்தாளின் பெயர் எங்கே?

இன்றைய கதைக்கு வருவோம். பழைய வட்டமான பார்லிமெண்ட் 1927இல் திறந்தது. புதியது 2023 மே 28இல் திறந்தது. 2021இல் கொரோனா இரண்டாம் அலையில் டில்லி ஊரடங்கில் கிடந்தபோதும் அந்த வட்டாரத்துக் கட்டுமான வேலை நிற்கவில்லை. நிறுத்தச் சொல்லி ஹைகோர்ட்டுக்குப் போனவர்களின் மனு தள்ளுபடியாயிற்று; ஒரு லட்ச ரூபாய் அபராதமும் விழுந்தது. 60,000 தொழிலாளிகளுக்கு வேலை கிடைத்தது என்றும், அவர்கள் உழைப்பைக் காட்ட டிஜிட்டல் கூடம் அமைத்திருப்பதாகவும் பிரதமர் திறப்பு விழாவில் சொன்னார். நல்ல காரியம். வரவேற்கிறோம். ஆனால் அனுமதிச் சீட்டில்லாமல் நுழைய முடியாத கட்டிடத்துக்குள் இருக்கும் கூடத்தைக் கல் சுமந்தவன் எப்போது பார்ப்பான்?

செங்கோட்டையையும் விடக் கூடாது. 1857க்குப் பிறகு வெள்ளைப் பட்டாளம் அரண்மனைக் கட்டிடங்களில் பெரும்பகுதியை இடித்து அங்கே பாரக்ஸ் கட்டியது. 1945 நவம்பரில் நேதாஜி படை அதிகாரிகளை விசாரித்ததும் இந்தக் கோட்டையில்தான். மலாயா ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய நம் தமிழ்க் கூலிகள் ஆயிரக்கணக்கில் அந்தப் படையில் இருந்தார்கள்.

ஜந்தர் மந்தர் பெயர் நமக்குப் பழக்கமானது. ஜெய்சிங் ராஜா சூரியனையும் நட்சத்திரத்தையும் அளக்கக் கட்டிய இடம். 2017 மார்ச்சில் வறட்சியால் நொந்த தமிழ்நாட்டு விவசாயிகள் மண்டை ஓடுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தது அதை ஒட்டிய தெருவில். அதே ஆண்டு அக்டோபரில் அங்கே போராட்டமே கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது. முழுத் தடை செல்லாது என்று 2018 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் சொல்லிற்று.

இனி டிக்கெட் விஷயம். குதுப்மினாருக்குள் போக 2016 வரை 10 ரூபாய். அந்த ஆண்டு 30 ஆக்கினார்கள். 2018 ஆகஸ்டில் ரொக்கமாகக் கொடுத்தால் 40, ரொக்கமில்லாமல் கட்டினால் 35 என்று வைத்தார்கள். பாங்கியும் போனும் உள்ளவனுக்குத் தள்ளுபடி. வேட்டி மடியில் முடிந்த கூலிப் பணத்தைக் கொடுப்பவனுக்கு ஐந்து ரூபாய் தண்டனை. என்ன நியாயம் இது? புருஷன், பெண்சாதி, வளர்ந்த பிள்ளைகள் இருவர் என்றால் ஒரு இடத்துக்கே 160 ரூபாய். மெட்ரோ ரயில் அருமையான வேலை, ஏறிப் பாருங்கள். ஆனால் 30 ரூபாயாக இருந்த அதன் உச்சக் கட்டணம் 2017இல் ஒரே வருஷத்தில் 60 ஆயிற்று, 2025இல் 64 ஆயிற்று. தொழிற்சங்க அட்டை காட்டுகிறவனுக்கும், விவசாயக் கூலிக் குடும்பத்துக்கும் வாரத்தில் ஒரு நாளாவது இந்த இடங்களை இலவசமாகத் திறந்துவிட வேண்டும் என்று கேட்கிறோம். கஜானா காலியாகிவிடாது.

15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட் வேண்டியதில்லை. உடன் வந்திருந்தால் கூட்டிப் போங்கள். செங்கோட்டைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அன்றுதான் ஓய்வு என்றால் நேராகக் குதுப்மினாருக்குப் போய், இரும்புத் தூணிலிருந்து தொடங்குங்கள்.