பாசிக்கு மருந்து

மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்கள். தஞ்சைச் சீமையின் பழைய வீடுகளிலோ, கார்த்திகை மழை விட்டும் சுவரில் பாசி விடுவதில்லை! அதை இரும்புத் தகட்டால் சுரண்டினால் சுண்ணாம்புக் காரையும் உடன் பெயர்ந்து விழும். முதலில் கூரையின் ஒழுக்கை அடைத்துவிடுங்கள். பிறகு சுவரை நனைத்து, தேங்காய் நாரினால் தேய்த்துக் கழுவி, உலர்ந்தபின் வெள்ளையடியுங்கள். புதுச் சுண்ணாம்பின் காரத்தில் பாசி பிழைக்காது. காற்றுப்பட்டு அக்காரம் நாளடைவில் குறையும். ஆகவே, பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிக்கும் வழக்கத்தில் பொருளுண்டு. சிமெண்டுப் பூச்சோ ஈரத்தை உள்ளேயே தேக்கிச் சுவரைக் கெடுக்கும். பிளீச்சிங் பவுடரால் கழுவுவோர் அதனுடன் அமிலம் எதையும் சேர்க்கலாகாது. எழும் குளோரின் வாயு உயிருக்கே ஆபத்தானது. சுவரின் வெண்மையைக் காட்டிலும் வீட்டாரின் சுகம் பெரிதன்றோ?