சீப்பும் செப்புத் தகடும்

வறண்ட தலையில் தேய்த்த சீப்பை நீட்டினால் காகிதத் துணுக்கு தாவி ஒட்டும். பையன் சிரிப்பான். விளையாட்டென்று எண்ணிவிடாதீர்கள்! அதே நிலைமின்சாரம்தான், நைலான் சட்டையோடு மருந்து அறைக்குள் நுழைபவர் உடலில் தங்கிப் பொறியாகப் பாய்கிறது. சிவகாசியின் வறண்ட கோடையில் ஆபத்து இன்னும் அதிகம். வாசலில் செப்புத் தகட்டைத் தொடு, பருத்தி உடுத்து என்கிறோமே, காரணம் சொன்னோமா?

2022 நவம்பரில் அரசு தொடங்கிய வானவில் மன்றம், 6 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளிடம் சோதனைக் கருவிகளைக் கொண்டுபோகும் திட்டம். நல்ல காரியம்! ஆனால், கரும்பலகையில் பல்பு வரைந்து காட்டி முடித்துவிடும் வகுப்பு பட்டாசுத் தொழிலாளி பிள்ளைக்குப் போதுமா? பேட்டரியும் கம்பியும் சீப்பும் அவன் கைக்கு வரவேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கு இடமுண்டு. அடுத்த கூட்டத்தில் கேளுங்கள்: இந்த ஆண்டு எங்கள் பிள்ளை தன் கையால் செய்த சோதனை எத்தனை?