களரிக்கும் போங்க, பிள்ளைகளே

இசையும் நடனமும் நாடகமும் ஓவியமும் படிக்கவென்று மட்டக்களப்புக் கல்லடிக்கு மறுபடியும் புதிய பிள்ளைகள் வரத் தொடங்கிவிட்டார்கள். யாழ்ப்பாணம், வன்னி, மலையகம், திருகோணமலை என்று எல்லாத் திசையிலிருந்தும் வருகிறார்கள். 1982இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கி, பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்குத்தான் இந்தப் பயணம். அவர்களுக்குச் சொல்லவேண்டியது எனக்குக் கொஞ்சம் உண்டு.

முதலில், நீங்கள் கொண்டுவந்ததை ஒளிக்காதீர்கள். “எங்கட வீட்டில ஒருத்தரும் கலை படிச்சதில்ல” என்று முதல் வருடத்தில் சொன்ன பிள்ளையின் அம்மப்பா ஊரறிந்த அண்ணாவியார் (கூத்துப் பழக்கும் ஆசான்) என்பது மூன்றாம் வருடத்தில்தான் தெரியவரும். அப்படிப்பட்ட பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். வெட்கம்தான் காரணம். மேடையில் பரதநாட்டியம் ஆடினால் கலை, ஊர்க் களரியில் வடமோடிக் கூத்து ஆடினால் பொழுதுபோக்கு என்று எங்கேயோ யாரோ அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தாலாட்டும் ஒப்பாரியும் வசந்தன் பாட்டும் மலையகத்துக் காமன்கூத்தும் காதில் ஊறிய பிள்ளை, ஒன்றும் தெரியாதவளாக வகுப்பின் கடைசி வாங்கில் போய் உட்கார்ந்துகொள்கிறாள்.

நிறுவகம் யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது என்று பாருங்கள். விபுலானந்த அடிகள் 1892இல் பிறந்தது காரைதீவில், கண்ணகி கோயில் உள்ள ஊரில். விஞ்ஞானம் படித்துப் பட்டம் பெற்றவர். துறவியான பிறகு, வழக்கொழிந்துபோன யாழைத் தேடிச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதைக்குள் இறங்கினார். கணிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பழைய பண்களுக்குக் கணக்குப் போட்டார். அந்த ஆய்வின் பயனான யாழ்நூல் 1947 ஜூனில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். சேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு பொருத்திப் பார்த்த மதங்க சூளாமணியை அதற்கு வெகுமுன்பே, 1926இல் எழுதிவிட்டார். இந்த இரண்டு நூல்களையும் புரிந்தாலும் புரியாவிட்டாலும் முதலாம் வருடத்திலேயே ஒருமுறை புரட்டிவிடுங்கள். கண்ணகி ஊர்ப் பிள்ளை ஒருவர் சிலப்பதிகாரத்தில் ஆயுளைக் கொடுத்தது தற்செயல் என்று நான் நம்பமாட்டேன்.

இனி, வாவியைத் தாண்டுங்கள். நிறுவகம் இருப்பது வாவியின் கிழக்கே, எழுவான்கரையில். கூத்தின் பெருநிலம் வாவியின் மேற்கே, படுவான்கரை. வலையிறவுப் பாலத்தால் போனால் வவுணதீவு, கன்னன்குடாப் பக்கம். மண்முனைப் பாலத்தால் போனால் கொக்கட்டிச்சோலை. 2014இல் அந்தப் பாலம் வரும்வரை அங்கே ‘பாதை’ என்ற மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடந்தோம். இன்று உங்களுக்கு ஒரு பஸ் போதும்.

அங்கே கூத்து பழகும் முறையை ஒரு பருவம் முழுக்க இருந்து பாருங்கள். அண்ணாவியார் மத்தளத்தோடு களரி நடுவில் நிற்பார். முதலில் கால்தான்: வட்டமாக நின்று தாளக்கட்டுக்கு ஆடப் பழகவேண்டும். குரலையும் ஆளையும் பார்த்து யாருக்கு எந்தப் பாத்திரம் என்று தீர்மானித்து, அதற்குரிய பாட்டைக் கையில் கொடுப்பார்கள். அதைச் சட்டம் கொடுத்தல் என்பார்கள். பிறகு இரவிரவாகப் பழக்கம், மாதக்கணக்கில். வயலுக்கோ தோணிக்கோ போய்வந்த உடம்போடு வந்து நிற்பவர்கள் அந்த ஆட்டக்காரர்கள். காலில் சதங்கை ஏறுவது எவ்வளவோ நாள் கழித்துத்தான். அதற்கும் ஒரு சடங்கு, ஊர் கூடும். மறுகா அடுக்குப் பார்த்தல் என்ற முழு ஒத்திகை, அதற்கும் பிறகே அரங்கேற்றம். “கால் சரிவராம கைய வீசாத மனே” என்று ஓர் அண்ணாவியார் ஒரு பொடியனை அதட்டியதைக் கேட்டேன். நான்கு வருடப் படிப்புக்கு இதைவிட நல்ல புத்திமதி எனக்குத் தெரியாது. செமஸ்டர் பரீட்சைக்கு மூன்று கிழமை இருக்கும்போது சாதகம் தொடங்கும் பிள்ளைகள் அந்தக் களரியில் ஓர் இரவு நின்று பார்க்கவேண்டும்.

இந்தக் கூத்து பல்கலைக்கழகத்துக்குள்ளும் போயிருக்கிறது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனையில் கர்ணன் போர் கூத்தை மேடையேற்றியபோது, விடியவிடிய ஆடும் கூத்து சிறிய நேரத்துக்குள் சுருங்கி நகர மேடைக்கு வந்தது. அங்கே படித்த மட்டக்களப்பு மாணவர் சி. மௌனகுரு பின்னர் இராவணேசன் கூத்தில் இராவணனாக நின்றார். மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களையே தன் கலாநிதிப் பட்ட ஆய்வாக எடுத்தார். ஊரில் பார்த்ததைப் பல்கலைக்கழகத்தில் மறைக்காத ஒரு மாணவரால் எவ்வளவு நடந்திருக்கிறது!

களரிக்குப் போகும்போது போனைத் தூக்கிக்கொண்டு நேரே முன்னால் போய் நிற்காதீர்கள். அண்ணாவியாரிடம் கேளுங்கள். வெற்றிலை வைத்துக் கேட்டால் இன்னும் நல்லது. பதிவுசெய்ததன் ஒரு பிரதியை அவருக்கே திருப்பிக் கொடுங்கள். உங்கள் ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயர் “தகவலாளர் 3” என்று வரக்கூடாது.

பறையைப் பற்றி எழுத வரும் பிள்ளைகளிடம் எனக்கு இன்னும் கண்டிப்பு உண்டு. பறைமேளத்தைப் பண்பாட்டுச் சின்னமாக மேடையேற்றிவிட்டு, அதை அடிக்கும் குடும்பத்தைச் சாதி சொல்லி ஒதுக்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் சாகவில்லை. அந்த வீட்டில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்க மனமில்லாதவர் அந்தத் தாளத்தைத் தொடவேண்டாம்.

பெண்பிள்ளைகளே, ஊர்க் கூத்தில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிவந்தார்கள் என்பது உண்மை. அதனால் களரி உங்களுக்கு இல்லை என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு திரும்பாதீர்கள். நிறுவகத்தின் வகுப்புகளில் நிறைந்திருப்பவர்கள் நீங்கள்தான். அடுத்த தலைமுறையின் அண்ணாவிமார் உங்களுக்குள் இல்லையென்றால் வேறெங்கே இருப்பார்கள்?

சில்லறை விசயங்கள். கல்லடி கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் மண். உப்புக்காற்று எதையும் விடாது. வீணைக் கம்பியை வாசித்து முடிந்ததும் துடையுங்கள். மாரியில் மிருதங்கத் தோல் தளரும், உறையில் போட்டு உலர்ந்த இடத்தில் வையுங்கள். சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு மணிக்கணக்கில் தட்டடவு பழகி முழங்காலைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். ‘மரபு’ என்று யார் சொன்னாலும் அது மரபில்லை, உடனே முறையிடுங்கள்.

வேலையைப் பற்றி உங்கள் அம்மாமார் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். ஆசிரிய நியமனம் ஒன்றையே நம்பிக் காத்திருந்த பட்டதாரிகள் 2017இல் மட்டக்களப்புக் காந்திப் பூங்காவில் மாதக்கணக்கில் இருந்ததை இந்த ஊர் கண்டது. அதனால் உங்கள் துறையோடு கைவேலை ஒன்றையும் சேர்த்துப் பழகுங்கள்: ஒலிப்பதிவு, மேடை வெளிச்சம், உடுப்புக் கட்டுதல், வாத்தியம் திருத்துதல். மத்தளத்துக்குத் தோல் கட்டத் தெரிந்தவரைத் தேடி ஆட்கள் ஊர் ஊராக அலைகிறார்கள்.

கடைசியாக ஒன்று. படுவான்கரையில் யானை நடமாட்டம் உண்டு. கூத்துப் பார்க்கப் போனால் இடையில் எழும்பி இருட்டில் வெளிக்கிடவேண்டாம். விடிந்தபின் முதல் பஸ்ஸில் கூட்டமாகத் திரும்புங்கள். காலை வகுப்புத் தவறும் என்றால் விரிவுரையாளரிடம் முதல்நாளே சொல்லிவிடுங்கள்.